ஒரே சிப்புக்கு இரண்டு டிரைவர்

"நூத்தி இருபத்தேழு டிகிரியா? அப்படின்னா இந்நேரம் உருகி ஓடியிருக்கணுமே!"

ஆபீஸ் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் சர்வர்காரர் மெஷினைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. அலாரமோ காதைக் கிழித்தது. சாயங்காலத்துக்குள் அதை அடக்கினால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் நடையைக் கட்ட வேண்டியதுதான் என்று மேனேஜர் கறாராகச் சொல்லியிருந்தார்.

கோளாறு சீக்கிரமே பிடிபட்டது. சூட்டை அளக்கும் சிப் ஒன்று. அதைப் படிக்க வரும் டிரைவர் புரோகிராம் இரண்டு: போர்டோடு வந்த பழையது, லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம் கொண்டுவந்த புதியது. இரண்டும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டால் சிப் பாவம் என்ன செய்யும்? வாய்க்கு வந்ததை உளறியது.

"ஒருத்தன் போதும், நீ கிளம்பு" என்று பழைய டிரைவரைத் தடைசெய்து, மெஷினை மறுபடி ஓடவிட்டார்.

ஓடியது. தடையைத்தான் காணோம். இரண்டு டிரைவரும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. சூடு இப்போது இருநூறு!

"எவன்டா என் பொழைப்புல மண்ணள்ளிப் போடறது?"

தேடினார். அவருடைய பெயரிலேயே, அவருடைய பாஸ்வேர்டிலேயே, இன்னொருவர் மெஷினுக்குள் நுழைந்திருந்தார். பதறிப்போய்ப் பாஸ்வேர்டை மாற்றினார். அடுத்த நிமிடமே திரை அவரை வெளியே தள்ளியது. எத்தனை முறை அடித்தாலும் பாஸ்வேர்டு தவறாம்!

அலாரச் சத்தத்தில் பேச முடியாமல் வராந்தாவுக்கு வந்து மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, என் வேலை போயிடும் போலிருக்கு."

"விளையாடறீங்களா? இப்பத்தானே அலாரம் நின்னுடுச்சு, வேலை நிரந்தரம்னு போன்ல குதிச்சீங்க?"

"நானா?"

"பின்னே பக்கத்து வீட்டுக்காரரா? உங்க குரல் எனக்குத் தெரியாதா?"

அப்போதுதான் கவனித்தார். அலாரம் நிஜமாகவே நின்றிருந்தது.

ஓடிப்போய்க் கதவில் கார்டை வைத்தார். சிவப்பு விளக்கு. இன்னொரு முறை வைத்தார். அதே சிவப்பு. உள்ளே யாரோ தும்மினார்கள். மூன்று தும்மல், கடைசியில் ஒரு "அப்பாடா". பிறந்ததிலிருந்து இவர் தும்முவதும் அப்படித்தான்.

தினமும் சல்யூட் அடிக்கும் செக்யூரிட்டி இன்று குறுக்கே வந்து நின்றார்.

"கதவைத் திறங்கண்ணே, நான்தான்! என்னைத் தெரியலையா?"

செக்யூரிட்டி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"சார் உள்ளதான் இருக்காரு. ஒரே வேலைக்கு ரெண்டு பேர் வந்து முட்டிக்கிட்டோம், பழைய ஆளைத் தடை பண்ணிட்டேன், முகத்தைப் பார்த்து ஏமாந்து உள்ளே விட்டுடாதீங்கன்னு இப்பத்தான் சொன்னாரு."