மூன்று கடைக்கும் முதலிடம்

ஒரே தெருவில் மூன்று தையல் கடைகள். மூன்றும் முதலிடம்! இப்படி ஓர் அதிசயத்தை நடத்திக் காட்டியவர் முதலிடத்தார். பெற்றவர்கள் வைத்த பெயரை யாரும் கேட்கவில்லை. போனில் தேடினால் கடையை முதலில் வரவைக்கும் மகான் என்று பட்டம். அதையும் அவரே சூட்டிக்கொண்டார்.

சடங்கு எளிது. கடைக்காரர் தன் கடைக்குள் நின்று போனைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். முதலிடத்தார் செம்புக் குழாயால் அதன்மேல் மூன்று முறை ஊதுவார். "இப்ப தேடுங்க" என்பார். தேடினால் அந்தக் கடையே முதலில் வந்து நிற்கும்! அதே தெருவின் முடிதிருத்துபவர் தன் முறை வந்தபோது அழுதே விட்டார். பாதி முகம் மழித்திருந்த வாடிக்கையாளரும் சேர்ந்து அழுதார்.

"வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்க்கலாமாங்க ஐயா?" என்று கேட்டார் முடிதிருத்துபவர்.

"கூடவே கூடாது! நாப்பது நாளைக்குக் கடை வாசலைத் தாண்டித் தேடினா பலன் சிதறிடும்."

சிதறும்தான். அது அவருக்குத் தெரியாதா என்ன!

மூலைக்கடைத் தையல்காரருக்கும் ஊதியாகிவிட்டது. முதலிடம் வந்தது, ஆள்தான் வரவில்லை. காலையிலிருந்து உள்ளே வந்த ஒரே மனிதரும் வழி கேட்க வந்தவர். இன்னும் இரண்டு மாதம் இப்படிப் போனால் கடைக்குப் பூட்டுதான்.

"உங்களுக்கு மூணு ஊதல் பத்தாது," என்றார் முதலிடத்தார். "முழு ஊதல் வேணும்."

முழு ஊதலின் கட்டணத்துக்காகத் தையல்காரர் ஓரம் அடிக்கும் மெஷினை விற்கத் துணிந்தார். அந்தக் கடையில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். அதை வண்டியில் ஏற்றும் நேரத்தில், வீடு வீடாகப் பார்சல் கொடுக்கும் அவருடைய மச்சினி வந்து சேர்ந்தாள். விஷயத்தைக் கேட்டாள்.

"மூணு தையல் கடையும் எப்படி மாமா முதல்ல வரும்?"

"அதுதாம்மா மகிமையே!"

"சரி, உங்க போனை எடுத்துக்கிட்டு எதிர்ல இருக்கிற தையல் கடைக்குள்ள நின்னு தேடுங்க."

"பலன் சிதறிடுமே..."

"மெஷினே போகுது. சிதறட்டும் மாமா."

தேடினார். எதிர்க்கடை முதலில் வந்தது. வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த கூட்டம் திகைத்தது.

"இவர் பலனை எதிர்க்கடைக்காரர் உறிஞ்சிட்டாரு!" என்றார் முடிதிருத்துபவர்.

"அதுக்குத்தான் முழு ஊதல்," என்று முதலிடத்தார் சட்டென்று பிடித்துக்கொண்டார்.

மச்சினி விடவில்லை. கூட்டத்தைத் தெருக்கோடிக்கு இழுத்துப் போனாள். அங்கே ஒரு கடிகாரக் கடை இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. அதன் வாசலில் முடிதிருத்துபவரை நிறுத்தி, 'பக்கத்தில் கடிகாரக் கடை' என்று தேடச் சொன்னாள். பூட்டிய கடையே முதலில் வந்தது.

"இதுக்கு யாரு ஊதினது? போன் நீங்க நிக்கிற இடத்தைப் பார்த்து, பக்கத்துல இருக்கிறதை முதல்ல காட்டுது. அவ்வளவுதான். தினமும் இதைப் பார்த்துத்தான் நான் முகவரி தேடுறேன்."

எல்லோரும் திரும்பினார்கள். செம்புக் குழாய் தரையில் கிடந்தது. ஊதியவரைக் காணோம்.

மச்சினி தன் போனில் மூலைக்கடையின் விவரத்தைத் திறந்தாள். "மாமா, இது எந்த நம்பர்?"

தையல்காரர் வெட்கத்தில் கூனிக் குறுகிப் போனார். நான்கு வருடத்துக்கு முன் விட்டொழித்த எண். புது எண்ணைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொன்னவர், கடை விவரத்தில் மாற்ற மறந்திருந்தார். இரண்டே நிமிடத்தில் மாற்றினார். மெஷின் வண்டியிலிருந்து இறங்கியது. மறுநாளே ஒருவர் அழைத்தார்: "கால்சட்டை நீளம் குறைக்கணும். மூணு மாசமா கூப்பிடுறேன், எங்கய்யா போனீங்க?"

இவ்வளவையும் கண்ணால் பார்த்த முடிதிருத்துபவர் குழாயைத் துடைத்து எடுத்துக்கொண்டு மச்சினியிடம் வந்தார்.

"தங்கச்சி, நீங்க ஒரு தடவை ஊதி விடுங்களேன்."

"அண்ணே, 'பக்கத்தில் மூளை'ன்னு தேடிப் பாருங்க. கழுத்துக்கு மேலயே இருக்கும். பூட்டிக் கிடந்தா, முதல்ல அதைத் திறங்க."