அம்மனின் பெருவிரல் ரேகை

அந்தக் காலத்தில் தென்காசிப் பக்கம் அம்மை குத்தும் உத்தியோகத்துக்கு ஆள் கிடைப்பது, பங்குனி மாதம் ஐந்தருவியில் தண்ணீர் கிடைப்பதைவிடக் கஷ்டம். அம்மை என்பது முத்துமாரி வந்து விளையாடுவது. அவள் விளையாட்டுக்கு நடுவே ஊசியை நீட்டினால் அவள் சும்மா இருப்பாளா? சம்பளத்துக்கு ஆசைப்பட்டவர்கள்கூட அம்மனுக்குப் பயந்து ஒதுங்கிக்கொண்டார்கள்.

இந்த நெருக்கடியில்தான் பால்வண்ணநாதன் என்று ஒருவன் இருப்பது சுகாதார ஆபீசுக்குத் தெரியவந்தது. இருபத்துமூன்று வயசு. கடவுள் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவன். கோயில் நடையில் வலது கைக்கு அடியில் இடது கையை வைத்து, குனிந்து விபூதி வாங்குவதை விட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதனால் காப்பிக்கடையில் அவனுக்கு எதிரே யாரும் உட்காருவதில்லை. அவனுக்குப் பெண் கொடுக்கவும் ஆள் இல்லை. தாயார் பார்வதியம்மாள் அவனுக்குச் சோறு போட்டுவிட்டு, அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாகத் தான் ஒரு நேரம் பட்டினி கிடந்தாள்.

“கடவுள் இல்லை என்பவன்மேல் அம்மன் கோபம் செல்லாது” என்று தலைமைக் குமாஸ்தா அய்யாத்துரை குறிப்பு எழுதி வைத்தார். மேலதிகாரி அதை ஆழ்ந்து பரிசீலித்து ஒப்புதல் அளித்தார். நாத்திகம் சர்க்கார் வேலைக்கு யோக்கியதை ஆனது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

அந்தப் பங்குனியில் இலஞ்சிக்கு மேற்கே, பூவன்பொத்தை என்ற சின்ன ஊரில் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மை போட்டது. பால்வண்ணநாதன் ஊசிப் பெட்டியோடு சைக்கிளில் போய் இறங்கினான். கோயில் தர்மகர்த்தா வல்லிநாயகம் தெருமுனையிலேயே மறித்தார்.

“ஏலே, எங்க வாரே?”

“பிள்ளையளுக்கு அம்மை குத்த, அண்ணாச்சி.”

“இந்தத் தெருப் பிள்ளையளுக்கெல்லாம் தாய் முத்துமாரி. அவ சம்மதிக்காம ஒரு பிள்ள கைய நீட்டாது, பாத்துக்கோ.”

சொல்லி வாய் மூடவில்லை. வள்ளித்தாயின் மகள் இசக்கி, ஆறு வயசு, பெரியவர்களின் கால்களுக்கு நடுவே புகுந்து வந்து பெட்டியை எட்டிப் பார்த்தாள்.

“வலிக்குமா மாமா?”

“எறும்பு கடிச்சாப்ல இருக்கும்.”

“அப்பம் எனக்குக் குத்துங்க.” கையை நீட்டியேவிட்டாள்.

வள்ளித்தாய் தடுக்கவில்லை. தர்மகர்த்தாவைப் பார்த்தாள், ஊசியைப் பார்த்தாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அரை நிமிஷ வேலை.

ஆனால் பால்வண்ணநாதன் ஒழுங்கான உத்தியோகஸ்தன். தாயின் சம்மதத்தை ஏழாம் நம்பர் படிவத்தில் பெறாமல் எந்தக் குழந்தைக்கும் குத்தக்கூடாது என்பது விதி. படிவத்தை வள்ளித்தாயிடம் நீட்டினான். தர்மகர்த்தா பார்க்கப் பெருவிரல் ரேகை வைக்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

“மொதல்ல படிவம் தாயி, பெறவு ஊசி” என்று சொல்லி, இசக்கியின் கையை மெதுவாக மடக்கிவிட்டான்.

நடந்ததை ஓர் எழுத்து விடாமல் ஆபீசுக்கு எழுதினான். எட்டு நாள் கழித்து உத்தரவு வந்தது:

“மேற்படி தெருக் குழந்தைகளின் தாய் முத்துமாரி என்பவர் என்று தெரியவருவதால், மேற்படி முத்துமாரியின் சம்மதத்தை ஏழாம் நம்பர் படிவத்தில் பெற்று அனுப்பவும். மேற்படியார் எழுதப் படிக்கத் தெரிந்தவரா, குடியிருக்கும் வீட்டின் கதவு எண் என்ன என்பதையும் தெரிவிக்கவும்.”

பால்வண்ணநாதன் அய்யாத்துரையிடம் ஓடினான்.

“அண்ணாச்சி, முத்துமாரிங்கிறது சாமி!”

“யாரு இல்லேன்னா?”

“சாமிகிட்ட எப்படிக் கையெழுத்து வாங்க?”

“கையெழுத்துப் போடத் தெரியலேன்னா பெருவிரல் ரேகை போதும். விதியிலேயே இருக்கு.”

“சாமியே இல்லைங்கேன்!”

“அது உம்ம சொந்த அபிப்பிராயம் தம்பி. ஆபீஸ் நேரத்துல சொல்லப்படாது.”

கதவு எண் பற்றிய கடிதப் போக்குவரத்து இன்னும் பதினைந்து நாள் நடந்தது. கோயிலுக்குக் கதவு உண்டு, எண் இல்லை என்று இவன் எழுதினான். எண் இல்லாதது எப்படிக் கதவாகும் என்று அவர்கள் கேட்டார்கள். அதற்குள் அம்மை ஆறு வீடு ஏறியிருந்தது.

கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை உச்சிவேளை, முத்துமாரி கோயில் முன்னால் கொட்டு முழங்கியது. ஊரில் அம்மன் இறங்குவது சுடலைக்கண்ணு மேல். அவர்தான் கோமரத்தாடி. மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட, இரண்டு புஜத்திலும் வேப்பிலை கட்டிக்கொண்டு ஆடினார். பால்வண்ணநாதன் படிவமும் மசிப்பெட்டியுமாக முன்னே போய், ஒரு ரேகை வேண்டும் என்றான்.

“யாருலே இவன்? என்னை இல்லேன்னு சொல்லுதவன்தானே?” என்று அம்மன் உறுமினாள். “நான் உண்டுன்னு சொல்லு. பெறவு ரேகை!”

பெண்கள் குலவை போட்டார்கள். நாத்திகன் கும்பிடுவதைப் பார்க்கப் பக்கத்து ஊரிலிருந்தும் ஆள் வந்திருந்தது.

ஆடிய ஆட்டத்தில் அம்மனின் இடது புஜத்து வேப்பிலை நழுவியது. அதன் அடியில் அம்மை குத்திய நாலு வட்டப் பொருக்கு, இன்னும் உதிராமல். பால்வண்ணநாதனுக்குத் தன் தொழில் தெரியும். அவன் குத்தியதல்ல. அப்படியென்றால் திருவாங்கூர்ச் சீமை ஊசி. எல்லை தாண்டினால் செங்கோட்டை, நாலே மைல்.

அவன் குனிந்து, காதோடு கேட்டான்: “தாயே, செங்கோட்டைக்கு எப்பம் போயிருந்திய?”

அம்மன் ஆட்டத்தை நிறுத்தினாள். தர்மகர்த்தாவைப் பார்த்தாள். தர்மகர்த்தா தம் பேரனின் சட்டைக் கையை அவசரமாகக் கீழே இழுத்துவிட்டார். அம்மன் பெருவிரலை நீட்டினாள்.

அம்மனே ரேகை வைத்துவிட்டாள் என்றதும் ஊர் முண்டியடித்துக் கையை நீட்டியது. சாயங்காலம்வரை குத்திவிட்டு, வள்ளித்தாய் வீட்டுக்குப் போனான். வாசலில் வேப்பிலை வாடிக் கிடந்தது. அவள் பெட்டியைப் பார்த்தாள், கையிலிருந்த படிவத்தைப் பார்த்தாள்.

“வந்திருச்சா ஐயா?” என்றாள். “நேத்துப் பொழுது சாயுத வரைக்கும் கேட்டுக்கிட்டேதான் கெடந்தா. மாமா படிவம் கொண்டாந்துட்டாவளா, மாமா கொண்டாந்துட்டாவளான்னு.”

ஒரு மாதம் கழித்து ஆபீசிலிருந்து மெமோ வந்தது:

“கடவுள் இல்லை என்பதற்காகவே நியமிக்கப்பட்ட தாங்கள், முத்துமாரியின் ரேகை என்று சர்க்கார் தஸ்தாவேஜில் சான்று செய்திருக்கிறீர்கள். அவர் உண்டென்றால் தாங்கள் இவ்வுத்தியோகத்துக்குத் தகுதியற்றவர். இல்லையென்றால் ரேகை பொய். தாங்கள் எதை நம்புகிறீர்கள் என்பதை மூன்று தினங்களுக்குள் விளக்கவும்.”

பால்வண்ணநாதன் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுதினான்: “நான் முத்துமாரியை நம்பவில்லை. ஏழாம் நம்பர் படிவத்தை நம்பினேன். அதற்கு இசக்கி என்ற ஆறு வயதுப் பிள்ளையைப் பலி கொடுத்தேன்.”

அய்யாத்துரை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். கெட்ட மனுஷர் இல்லை. இரண்டு பேத்திகள் உள்ளவர். கண்கூடக் கொஞ்சம் கலங்கியது. பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

“வெள்ளைத்தாள்ல எழுதுனா செல்லாது தம்பி. விளக்கத்துக்கு ஒன்பதாம் நம்பர் படிவம்லா?” என்று ஒன்றை உருவி நீட்டினார்.

பால்வண்ணநாதன் வலது கைக்கு அடியில் இடது கையை வைத்து, குனிந்து வாங்கிக்கொண்டான்.