தட்டத் தட்டக் குறைந்த எண்

விடாமுயற்சி சில நேரம் வெறும் முட்டாள்தனம் என்று எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் புத்தகம் சொல்லாததை வீட்டிலும் யாரும் சொல்லவில்லை.

தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏற்றுமதி ஏஜென்சியில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்து இருபது நாள் ஆகியிருந்தது. (ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று முதலாளி அண்ணாச்சி சொல்லியிருந்தார்.) ஆபீஸ் மெயிலைப் புதிய சர்வருக்கு மாற்றச் சொன்னார்கள். எங்கள் பெயருக்கு வரும் மெயிலை எந்த சர்வரில் சேர்ப்பது என்று இணையத்தில் ஒரு பதிவு இருக்கும். அதை மாற்றினேன். அதே சூட்டில் பழைய சர்வரையும் மூடினேன். மெயில் நின்றுபோனது.

அன்றைக்கென்று மருந்துக்குப் போகும் நிலவாகை இலை ஏற்றிய கண்டெய்னர் ஒன்று மாலைக் கப்பலுக்குப் போகவேண்டும். வாங்குபவரின் ஒப்புதல் மெயில் மதியம் ஒரு மணிக்குள் வராவிட்டால் கண்டெய்னர் இங்கேயே கிடக்கும். நான் வீட்டில் கிடப்பேன்.

கறுப்புத் திரையைத் திறந்து 'டிக்' என்ற கட்டளையைத் தட்டினேன். அந்தப் பதிவு இப்போது என்ன சொல்கிறது என்று அது காட்டும். பழைய சர்வரின் பெயரையே காட்டியது. பக்கத்தில் 12840 என்று ஓர் எண். மறுபடி தட்டினேன், 12831. இன்னொரு தடவை, 12825. அதுதான் பழுதின் அளவு, நான் தட்டத் தட்டக் கரைகிறது என்று முடிவு கட்டினேன். (யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் படித்தவன் என்ற மரியாதை என்னாவது?)

கப்பல் காகிதங்களைப் பார்க்கும் ஜெனோவா அக்கா, வாங்குபவருக்குப் போன் போட்டுத் தன் சொந்த மெயிலுக்கு அனுப்பச் சொல்லட்டுமா என்றார். எடுத்த காரியத்தைப் பாதியில் விடமாட்டேன் என்று மறுத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு, நான் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டோடு அப்பா வந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். எழுத்து தெரியாது, எண் தெரியும். எனக்கு விரல் மரத்திருந்ததால் அவரை உட்காரவைத்து, கட்டளையைத் திரும்பக் கொண்டுவர ஒன்று, அதை ஓட்ட ஒன்று என்று இரண்டு பட்டன்களைக் காட்டினேன். ஆணி அறைவதுபோல் அமுக்கினார்.

"கொறையுதுலே" என்றார், முகமெல்லாம் பூரிப்பாக.

அதைக் கேட்டு ஆபீஸே முறைவைத்துத் தட்டியது. அண்ணாச்சி சட்டைக் கையை மடித்துவிட்டுத் தட்டினார்.

பன்னிரண்டரைக்கு டீ வந்தது. பத்து நிமிடம் யாரும் பட்டன் பக்கம் போகவில்லை. பிறகு ஜெனோவா அக்கா ஒரே ஒரு தடவை தட்டினார். எண்ணில் அறுநூறு குறைந்திருந்தது.

"பத்து நிமிசம் ஒருத்தரும் தொடல, அறுநூறு போயிருக்கு. இது நொடிக்கணக்குலா தம்பி."

அவ்வளவுதான் விஷயம். பழைய சர்வரின் பெயரை இணையம் இன்னும் எத்தனை நொடி நினைவில் வைத்திருக்கும் என்று அந்த எண் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. கையைக் கட்டிக்கொண்டு இருந்தாலும் குறைந்திருக்கும்.

"அப்பம் நான் தட்டுனது?" என்றார் அப்பா.

அக்கா போன் போட்டார். டீ கிளாஸைக் கழுவி வைப்பதற்குள் ஒப்புதல் அவர் மெயிலுக்கு வந்தது. கண்டெய்னர் கப்பல் ஏறியது. என் வேலையும் தப்பியது. (அண்ணாச்சியும் தட்டியவர்தானே, வெளியே சொல்லவா முடியும்?)

ஆறு வருடம் ஆகிவிட்டது. போன மாதம் என் மனைவியைப் பரிசோதித்த டாக்டரம்மா, பிரசவத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது என்றார். அப்பா என்னைக் காட்டிச் சொன்னார்:

"இவன ஒரு மூலையில உக்காந்து தட்டச் சொல்லுங்கம்மா. வெரசா கொறஞ்சிரும்."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.