திடீர்ச் சோதனையில் கிடைத்த தாய்மாமன்

அடுத்தவர் வேலையில் குற்றம் கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவர்களிடம் குடும்பப் பொறுப்பு எதையும் ஒப்படைக்கக் கூடாது. இதை நான் அடித்துச் சொல்வேன். ஏனென்றால் அப்படிச் சம்பளம் வாங்குகிறவள் நான்தான். சாங்கி விமான நிலையத்தில் சரக்குக் கிடங்குகளைச் சோதனை போடுவது என் பிழைப்பு. மருந்துப் பெட்டிகள் சரியான குளிரில் இருக்கின்றனவா, பூப்பெட்டிமேல் யாராவது உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறார்களா என்று சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பேன். (என்னைக் கண்டால் ஃபோர்க்லிஃப்ட்கூடக் கொஞ்சம் அடக்க ஒடுக்கமாகத்தான் போகும்.)

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது இந்தப் புத்தியைக் கிடங்கிலேயே விட்டிருக்கலாம். விடவில்லை.

அப்பா பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. விழுங்குவதே சிரமம், பேச்சு அதைவிடச் சிரமம். அம்மா காலமாகிவிட்டார். சுவா சூ காங்கில் இருக்கும் எங்கள் வீட்டில் நானும் தம்பி சேகரும் அவன் மனைவியும் ஷிஃப்ட் வேலைக்காரர்கள், அவன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறவர்கள். வீட்டுப் பணிப்பெண் ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. பூன் லே பக்கம் முடியாதவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு தாதிமை இல்லத்தில் படுக்கை காலியாகப்போகிறது, வார இறுதிக்குள் பதில் சொல்லுங்கள் என்றார் மருத்துவமனையின் சமூக ஊழியர். அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்த அப்பா, நல்லாயிருந்த இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நீ... பாத்துட்டு... சொல்லு."

அவ்வளவுதான் சொன்னார்.  எனக்குப் பயமாக இருந்தது. நான் சரி என்று சொல்லும் இடத்தில்தான் அப்பா மிச்ச நாளைக் கழிக்கப்போகிறார். இதில் நான் ஏமாந்தால் அனுபவிக்கப்போவது அவர்.

"அக்கா, ஃபோன் பண்ணிட்டுப் போனா அவங்களே சுத்திக் காட்டுவாங்க லா" என்றான் சேகர்.

"சுத்திக் காட்டுறதுக்குன்னே ஒரு ரூட் வச்சிருப்பாங்கடா. அவங்க காட்டாத பக்கத்தை நான் பாக்கணும்."

"அது உன் கிடங்கு இல்லக்கா. ஏதாவது ஏடாகூடமா பண்ணி வைக்காதே."

நான் முடிவு பண்ணிவிட்டேன். யாரோ ஒருவரின் சொந்தக்காரி மாதிரி உள்ளே போவது, எல்லாவற்றையும் பார்ப்பது, சத்தம் போடாமல் வெளியே வருவது. சனிக்கிழமை காலை சிராங்கூன் சாலைக்குப் போய், நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது என்று அரைக் கிலோ ஜிலேபி வாங்கினேன். தலையில் ஒரு முழம் மல்லிகை, நெற்றியில் பெரிய பொட்டு, சுங்குடிச் சேலை. எந்தக் குடும்பத்தோடு நிறுத்தினாலும் பொருந்துகிற தோற்றம்.

"யாரைப் பார்க்க வந்தீங்க?" என்று வரவேற்பு மேசையில் ஆங்கிலத்தில் கேட்டார்கள்.

அதை மட்டும் யோசிக்கவில்லை. (கிடங்குக்குக் கிடங்கு அவசர வழி எங்கே என்று கேட்கிற பெண்மணிக்கு, முதல் கேள்விக்கே வழி இல்லை.) சுற்றும் முற்றும் பார்த்தேன். கூடத்து மீன் தொட்டி அருகே சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர், வழுக்கைத் தலையும் இல்லத்துச் சட்டையுமாக, மீன்களைத் தமிழில் அதட்டிக்கொண்டிருந்தார். "ஏய் கறுப்பா, எல்லாத்தையும் நீயே திங்காதே. அதுக்கும் கொஞ்சம் வுடு."

"அதோ, என் மாமா" என்றேன். "அம்மாவோட அண்ணன்."

வரவேற்பில் இருந்த பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு தொலைபேசியை எடுத்து மெதுவாக ஏதோ பேசினாள். உறவினர் வந்தால் உடனே மேலே தகவல் சொல்கிறார்கள், நல்ல நிர்வாகம் என்று மனசுக்குள் ஒரு மதிப்பெண் போட்டேன்.

"மாமா, எப்படி இருக்கீங்க?" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுக் குனிந்து, "ஐயா, தப்பா நெனைக்காதீங்க, ஒரு சின்ன விஷயம்..." என்று கிசுகிசுத்தேன்.

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஜிலேபிப் பெட்டியைப் பார்த்தார். பிறகு கூடமே திரும்பிப் பார்க்கும் குரலில், "இவ்வளவு நாளா எங்கே தொலைஞ்சு போயிருந்தே நீ?" என்றார்.

வாசல் எவ்வளவு தூரம் என்று ஒரு கண்ணால் அளந்தேன். ஆனாலும் கடமை கடமைதான். அசையாமல் கிடக்கிறவர்களுக்குக் குதிகாலில் புண் வரும், கவனிப்பு எப்படி என்று அதைப் பார்த்தாலே தெரியும் என்று எங்கோ படித்திருந்தேன். முன்பின் தெரியாதவரின் குதிகாலை எப்படிப் பார்ப்பது? அதற்கும் எனக்கு வழி தெரிந்திருந்தது. "ஆசீர்வாதம் பண்ணுங்க மாமா" என்று சொல்லித் தொபுக்கென்று அவர் காலில் விழுந்தேன். புண் இல்லை. நகம் வெட்டியிருந்தது. தோலில் எண்ணெய்ப் பசைகூட இருந்தது. நான் இன்னும் நன்றாகப் பார்ப்பதற்குள் அவர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"அட, எந்திரிம்மா! எங்க மார்க்கத்துல மனுசன் கால்ல வுழுற பழக்கம் கெடையாது!"

தரையில் இருந்தபடியே நான் அதைப் புரிந்துகொள்ள முயன்றுகொண்டிருந்தபோது, வெள்ளைக் காலணி அணிந்த இரண்டு பாதங்கள் பக்கத்தில் வந்து நின்றன. நாகர்கோவிலிலிருந்து வந்து வேலை பார்க்கும் தாதி ஸ்டெல்லா.

"காதர் மாமா, யாரு இவங்க?"

காதர் மாமா! என் பொட்டு கனத்தது. மல்லிகை அதைவிடக் கனத்தது.

"என் தங்கச்சி மவ" என்றார் காதர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

ஸ்டெல்லா என் நெற்றியைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"தங்கச்சி லவ் மேரேஜ் பண்ணிக்கிட்டா" என்று காதர் விளக்கினார். "குடும்பத்துல பெரிய ரகளை. அதான் இத்தனை நாளா போக்குவரத்து இல்ல."

கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவின் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காத என் அம்மாவை, ஒரே நிமிஷத்தில் வீட்டை விட்டு ஓட வைத்துவிட்டார் மனிதர். அதே சூட்டில் ஒரு ஜிலேபியையும் எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார். ஸ்டெல்லா அதைப் பாதி வழியில் பிடுங்கினார். "சர்க்கரை ஏறிக் கிடக்கு, விழுங்கவும் கஷ்டம். மசிச்ச சாப்பாடு மட்டும்தான் கொடுக்கிறோம். சொந்த மாமாவுக்கு இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?"

தெரியாது. ஆனால் ஸ்டெல்லாவுக்குத் தெரிந்திருந்ததே! இன்னும் ஒரு மதிப்பெண் போட்டேன். என் மானம் இறங்க இறங்க இல்லத்தின் மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது.

"என்கூடக் கொஞ்சம் வாங்க" என்றார் ஸ்டெல்லா. சுற்றிக் காட்டப்போகிறார் என்று நினைத்தேன். (அப்படி நினைக்க எனக்கு எவ்வளவு திமிர் இருந்திருக்க வேண்டும்!) வழியெல்லாம் தரை ஈரமா என்று காலால் தேய்த்தேன், கைப்பிடியை ஆட்டினேன், மூச்சை இழுத்து இழுத்து மோந்தேன். நடைபாதையில் ஒரு கழிப்பறை வந்தது. இதோ வருகிறேன் என்று உள்ளே நுழைந்தேன். சுவரோரம் சிவப்புக் கயிறு ஒன்று தொங்கியது. கீழே விழுந்தவர்கள் இழுத்து உதவி கேட்கும் கயிறு.

அப்பா விழுந்தால் எவ்வளவு நேரத்தில் வருவார்கள்? இதைவிட முக்கியமான கேள்வி உண்டா? கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இழுத்தேன்.

கதவு படாரென்று திறந்தது. ஸ்டெல்லா, இன்னும் இரண்டு தாதிகள், தள்ளுவண்டி, பின்னால் மூச்சு வாங்க ஒரு காவலாளி. உள்ளே நான் செங்குத்தாக, ஆரோக்கியமாக, கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தேன்.

"ரொம்ப ஃபாஸ்ட்" என்றேன். வேறென்ன சொல்வது?

அடுத்த காட்சி தலைமைத் தாதி மேடம் லிம்மின் அறை. கதவருகே காவலாளி. மேடம் ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டார்.

"உங்கள் மாமாவின் முழுப் பெயர்?"

"எங்க வழக்கத்தில் பெரியவர்கள் பெயரைச் சொல்ல மாட்டோம்" என்றேன் பணிவாக.

"அவருக்குத் தங்கையே கிடையாது. நான்கு பேரும் ஆண்பிள்ளைகள். உங்கள் வழக்கம் இதற்கு என்ன சொல்கிறது?"

 திடீர்ச் சொந்தக்காரர்கள் முளைத்துப் பெரியவர்களிடம் கைரேகை வாங்கிப் போவதெல்லாம் நடக்கிற ஊர், புதுமுகம் யார் வந்தாலும் வரவேற்பிலிருந்து தனக்குத் தகவல் வந்துவிடும், இப்போது போலீசைக் கூப்பிடட்டுமா என்று மேடம் கேட்டார். வியர்வையில் என் பொட்டு கரைந்து மூக்குக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

உண்மையைச் சொன்னேன். பாதியில் அழுதும்விட்டேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்ததைச் சொன்னேன். "அவரால இனிமே புகார்கூடச் சொல்ல முடியாது மேடம். அவருக்குப் பதிலா நான்தான் எல்லாத்தையும் பாக்கணும்."

மேடம் அப்பாவின் பெயரைக் கேட்டார். கேட்டதும் புருவத்தை உயர்த்தினார். "அந்தப் படுக்கையா? நீங்கள் சரி என்றால் திங்கட்கிழமை வருவதாக இருக்கிறதே."

போச்சு, என் புத்திசாலித்தனத்தால் அப்பாவுக்குக் கிடைத்த இடமும் போச்சு என்று நினைத்தேன். சேகரின் முகம் கண்முன் வந்தது. போனது போகட்டும், வந்த வேலையாவது முடியட்டும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்: "ராத்திரி ஒரு மாடிக்கு எத்தனை தாதிகள்?"

மேடம் லிம் என்னையே பார்த்தார். பிறகு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். காவலாளியும் சிரித்தார், அனுமதி கிடைத்தது என்று. அப்புறம் மேடமே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். சமையலறை, குளியலறை, தனியாக வைத்திருந்த ஹலால் பாத்திரங்கள் எல்லாவற்றையும் காட்டினார். நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னார்.

"சரி, நாங்கள் பாஸா?" என்றார் கடைசியில்.

"பாஸ் மேடம்."

"நீங்கள் ஃபெயில் லா. திங்கட்கிழமை அப்பாவைக் கூட்டி வாங்க."

வெளியே வரும்போது காதரிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஏன் மாமா என்னைக் காட்டிக்கொடுக்கலை?"

"நீ என்ன பண்ணப்போறேன்னு பாக்க வேணாமா? டிவியில ஒரு மண்ணும் இல்ல" என்றார். பிறகு மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டு, "நம்மளப் பாக்க ஆள் வந்து ரொம்ப நாளாச்சு" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசிவிட்டுத்தான் கிளம்பினேன்.

திங்கட்கிழமை நானும் சேகரும் அப்பாவைத் தள்ளிக்கொண்டு நுழைந்ததும் கூடத்திலிருந்து ஒரு குரல்: "வாங்க மச்சான்! என் தங்கச்சியை இழுத்துக்கிட்டு ஓடுனது நீங்கதானா?" அப்பா மிரண்டுபோய் என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் தோள் குலுங்கியது. வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போனது. நோய் வந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சேகர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இதோடு கதை முடிந்திருக்கலாம். ஆனால் எனக்கு ராமலிங்கம் மாமா என்று நிஜமாகவே ஒரு தாய்மாமன் உண்டு. எதற்கும் உதவிக்கு வராமல் எல்லாவற்றுக்கும் யோசனை சொல்கிறவர். ஒரு மாதம் கழித்து, என்னையும் அழைத்துக்கொண்டு அப்பாவைப் பார்க்க வந்தார். வரவேற்பில் ஒரு புதுப் பெண். மாமா நெஞ்சை நிமிர்த்தி, "நோயாளி என் தங்கச்சி புருஷன்" என்றார். அந்தப் பெண் பதில் சொல்வதற்குள் மீன் தொட்டி அருகிலிருந்து காதர் குரல் கொடுத்தார்: "அவரு மச்சான் நானு! இந்தாளு யாருன்னு விசாரிம்மா!"

புதுப் பெண் மிரண்டாள். (டிவியில் ஒரு மண்ணும் இல்லாததால் நானும் விலகி நின்று வேடிக்கை பார்த்தேன்.) எதற்கு வம்பு என்று அப்பாவையே கீழே அழைத்து வரச் சொன்னாள். ஸ்டெல்லா சக்கர நாற்காலியைத் தள்ளி வந்து, மாமாவுக்கு நேர் எதிரே நிறுத்தினார்.

"அங்கிள், இவர் உங்கள் சொந்தக்காரரா?" என்று புதுப் பெண் கேட்டாள்.

அப்பா மாமாவை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். காதரைப் பார்த்தார். மருத்துவமனையில் மூன்று வார்த்தை சொல்லத் தவித்த மனிதர், இழுக்காமல், திக்காமல், கணீரென்று சொன்னார்:

"தெரியாது."

நான் சிரித்த சிரிப்பில் உட்கார்ந்தேவிட்டேன். மாமா மட்டும் இன்றுவரை சிரிக்கவில்லை. எங்கள் வீட்டுக்குத் தீபாவளிக்கு வரும்போதெல்லாம், சேகரின் பிள்ளைகள் கதவைப் பாதி திறந்து, அடையாள அட்டையைக் கேட்கிறார்கள். அவரும் காட்டிவிட்டுத்தான் உள்ளே வருகிறார்.