இடது பக்க லைட்டும் தாய்மாமன் மடியும்

"எரியுதா?"

"எரியலீங்க."

"இப்ப?"

"இப்பவும் எரியலீங்க."

காருக்கு முன்னால் நின்று பதில் சொல்லிச் சொல்லிக் கோகிலவாணிக்கு வாய் வலித்தது. உள்ளே உட்கார்ந்து அவள் புருஷன் தனசேகர் சுவிட்சைத் திருகு திருகென்று திருகிக்கொண்டிருந்தான். இடது பக்க ஹெட்லைட் செத்துக் கிடந்தது. நாளைக்கு மகளுக்குக் காதுகுத்து. கோழி கூப்பிடவே மல்லசமுத்திரத்தை விட்டுக் கிளம்பினால்தான் நல்ல நேரத்துக்குள் குலதெய்வம் கோயிலுக்குப் போய்ச் சேர முடியும்.

ஆனால் அவளுடைய கவலை லைட்டைப் பற்றியது அல்ல, மடியைப் பற்றியது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் இல்லாமலா? இருக்கிறான். அவள் தம்பி நந்தகுமார், திருச்செங்கோட்டில் காருக்கு ஒயரிங் வேலை பார்க்கும் பட்டறை வைத்து நன்றாகத்தான் இருக்கிறான். போன தை மாசம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு மண்டபத்தில் கல்யாணம். தனசேகர் காரை ரிவர்ஸ் எடுத்து, மண்டப வாசலில் கட்டியிருந்த வாழை மரத்தைச் சாய்த்துவிட்டான். "மச்சானுக்குக் கார முன்னால மட்டுந்தான் ஓட்ட வரும்" என்று நந்தகுமார் பந்தியில் சொல்லித் தொலைக்க, பந்தியே சிரித்துவிட்டது. அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

வெற்றிலை பாக்குத் தட்டோடு மச்சான் கூப்பிடாமல் அவன் வரமாட்டான். கூப்பிட இவன் போகமாட்டான். "சேர்ல உக்கார வெச்சுக் குத்திக்கலாம். காது எங்க ஓடியா போயிரும்?" என்று வேறு சொல்லிவிட்டான். ஊர் என்ன பேசுமோ என்று அவளுக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

இப்போது இந்த லைட்டைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒரு யோசனை வந்தது. ரிப்பேர் கொஞ்சம் பெரிதானால் தம்பியைக் கூப்பிட்டுத்தானே ஆகவேண்டும்?

"ஏனுங்க, வலது பக்கமும் எரியலீங்க!"

வலது பக்கம் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

"என்னது, வலதுமா?" தனசேகருக்கு மூஞ்சி வெளுத்துப் போயிற்று. "அது எப்படி அணையும்?"

சுவிட்சை அணைத்துவிட்டு இறங்கி ஓடிவந்து வலது லைட்டின் மண்டையில் இரண்டு தட்டு தட்டினான். அணைத்து வைத்த லைட்டு தட்டினால் எரியுமா, பாவம்!

"பியூஸா இருக்குமுங்களா?" என்று எடுத்துக் கொடுத்தாள் புண்ணியவதி.

பியூஸ் பெட்டியைத் திறந்து, கைக்கு வந்ததையெல்லாம் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினான். பக்கத்தில் சும்மா கிடந்த ஒயரையும் ஓர் இழுப்பு இழுத்தான். அவ்வளவுதான், ஹாரன் அலற ஆரம்பித்தது. நிறுத்தலாம் என்று இன்னொன்றைப் பிடுங்கினால் வைப்பர் தானாக ஆடியது. பேட்டரியைக் கழற்றலாம் என்றால் ஸ்பேனர் டிக்கிக்குள் இருந்தது, டிக்கியோ திறக்கமாட்டேன் என்றது.

பக்கத்து வீட்டுக் காளியாத்தாள் காதைப் பொத்திக்கொண்டு மதில்மேல் எட்டிப் பார்த்தாள். "ஏஞ்சாமி, என்ன இது கூத்து? காரு எதுக்கு இப்படிக் கத்துது?"

"ஒண்ணுமில்லீங்க பெரியம்மா, நீங்க உள்ள போங்க, போங்க!" என்று தனசேகர் இரண்டு கையாலும் அவளை விரட்டினான்.

கோகிலவாணி ஒன்றும் தெரியாதவள்போல் ஹாரனுக்கு மேல் கத்தினாள். "வேற யாராச்சும் மெக்கானிக்கக் கூப்பிடலாமுங்களா?"

"எவனையும் நம்ப முடியாது! இருக்கறதையும் பிரிச்சுப் போட்டுருவானுக." பிறகு எங்கேயோ பார்த்துக்கொண்டு, "உன்ற தம்பி வேணும்னா வரட்டும். நான் கூப்பிட்டேன்னு மட்டும் சொல்லீராத" என்றான்.

அவள் ஏற்கெனவே போன் போட்டு, "மச்சானே கூப்பிடறாருடா" என்று புளுகி முடித்திருந்தாள்.

நந்தகுமார் பைக்கில் பறந்து வந்தான். வந்ததும் ஹாரன் நின்றது, வைப்பர் படுத்தது, டிக்கி திறந்தது.

"வலது நல்லாத்தான் இருக்குதுங்க மச்சா. இடதுல பல்புதான் போயிருச்சு. வேற போட்டுட்டேன்."

கோகிலவாணி வானத்தைப் பார்த்தாள். தனசேகர் தொண்டையைச் செருமினான். உள்ளே போனவன் வெற்றிலை, பாக்கு, பழம், வேட்டி துண்டு வைத்த தட்டோடு திரும்பி வந்தான். அதை எப்போது அடுக்கினான் என்று அவளுக்கு விளங்கவில்லை. இருந்த சந்தோஷத்தில் கேட்கவும் தோன்றவில்லை.

"நாளைக்கு வந்துரு மாப்ள. புள்ள உன்ற மடியிலதான் உக்காரோணும்."

"வாரேனுங்க மச்சா. அன்னிக்கு நான் வாய வெச்சது தப்புத்தானுங்க."

"அட உடு மாப்ள. வாழ மரமும் நடு வழியிலதான நின்னுது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கோகிலவாணிக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டே பொய்யில் இரண்டு ஆம்பளைகளை வழிக்குக் கொண்டுவந்துவிட்டோமே, நமக்கு இருக்கிற மூளைக்கு நாம் எங்கேயோ இருக்க வேண்டியவள் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டு காப்பி போட அடுப்படிக்குத் திரும்பினாள்.

காளியாத்தாள் மறுபடியும் மதில்மேல் தலையை நீட்டினாள்.

"ஏஞ்சாமி தனசேகரு, காலைல செத்த பல்ப மாட்டிட்டு நீ கழட்டிக் குடுத்த நல்ல பல்பு எங்கூட்டுப் பிரிட்ஜு மேலயே கெடக்குதே. உன்ற மச்சினந்தான் வந்துட்டானல்ல, கொண்டாந்து குடுக்கட்டுமா?"