பூபாலன் மாளிகைக்குப் போட்ட பட்டுத்திரை

ஒரு பொருளை நாலு பேர் கண்ணில் படாமல் மறைக்க வேண்டுமா? என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். காஞ்சிபுரத்தில் மட்டும் அதன்மேல் பட்டுத்துணியைத் தொங்கவிடாதீர்கள். கோயிலில் சந்நிதிக்குத் திரை போட்டால் உள்ளே அலங்காரம் நடக்கிறது என்று அர்த்தம். திரை விலகும்வரை எங்கள் ஊர்க்காரர்கள் நின்ற இடத்தைவிட்டு அசையமாட்டார்கள். இதே ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். அன்றைக்குப் பார்த்து என் மூளை லீவு போட்டிருந்தது.

அப்போது நான் உள்ளாட்சி அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பொறியாளர். (வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆனால் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு நான் நடந்த நடையைப் பார்த்தால், ஊரையே நான்தான் கட்டினேன் என்று நினைப்பீர்கள்.) என் மேற்பார்வையில் ஒரு சமுதாயக் கூடம் கட்டி முடிந்திருந்தது. செலவில் ஒரு பகுதியைக் கலைப்பணிக்கு ஒதுக்கியிருந்தார்கள். அதில் முகப்புச் சுவரில் ஓவியம் வரைய வந்தவள் ஐயம்பேட்டை எஸ்தர்.

அவள் வரைந்து முடித்த அன்று நான் சாரத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். புல்லரித்துவிட்டது. சுவர் முழுக்க ஒரே புடவை விரிந்து கிடந்தது. ஒரு ஓரத்தில் தாமல் ஏரி தளும்புகிறது. மறு ஓரத்தில், திருமுக்கூடலில் மூன்று ஆறும் ஒன்றாகின்றன. நடுவில் எங்கள் ஊர். தறியில் உட்கார்ந்திருப்பவர், நாற்று நடுகிற பெண்கள், கொத்தனார், நர்ஸ், ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போகிறவர். யாரும் யாரைவிடவும் சின்னதாக இல்லை. எந்தப் புடவையையும் லேசில் பாராட்டாத என் அப்பாவே (தறிக்காரர், நாக்கில் வேப்பங்காய்) வந்து பார்த்துவிட்டு, "இன்னாமா இது, ஊரையே நெய்ஞ்சு வெச்சிருக்குது அந்தப் பொண்ணு!" என்றார்.

வினை வாசலுக்கு மேலே முளைத்தது. எங்கள் வார்டு உறுப்பினர் பூபாலன், அலுவலக விடுமுறையாகப் பார்த்து ஆள் வைத்து, 'பூபாலன் மாளிகை' என்று பெரிய பெரிய சிமெண்டு எழுத்துகளைப் பதித்துவிட்டார். மன்றத்தில் தீர்மானம் போடாமல் பொதுக் கட்டடத்துக்கு எவர் பெயரும் வைக்கக் கூடாது. போதாக்குறைக்கு, அந்த வேலையின் செலவையும் யாரோ கலைப்பணிக் கணக்கிலேயே சேர்த்திருந்தார்கள். கலைக்கு ஒதுக்கியது எங்கே போயிற்று, கட்டடங்களுக்குப் பெயர் வைத்தது யார் என்று விசாரிக்கச் சட்டமன்றக் குழு வருகிறது என்ற செய்தியும் அப்போதுதான் வந்தது.

மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். "கோமதி, கலைப்பணியே முறைகேடுன்னு அவங்க சொல்லிட்டா மொத்தச் சுவருக்கும் வெள்ளைதான். அந்தப் பேரு மட்டும் அவங்க கண்ல படக் கூடாது. எப்பிடியாவது மறைச்சுடும்மா."

மறைப்பதற்கு உலகத்தில் தார்ப்பாய் இருக்கிறது, சாக்கு இருக்கிறது. நான் வீட்டுக்கு ஓடி அம்மாவின் அரக்குப் பட்டுப்புடவையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். (எங்கள் வீட்டில் துணி என்றாலே கைக்கு வருவது பட்டுதான்.) கழற்றச் சுலபமாக இருக்கட்டும் என்று வளையம் கோத்துக் கயிற்றில் மாட்டினேன். காற்றடித்ததும் புடவை தூக்கிக்கொண்டு 'பூபா' எட்டிப் பார்த்தார். கீழே கனத்துக்கு, பூஜையறை வெண்கல மணியைக் கட்டினேன். அப்படியும் அடங்காததால் குறுக்கே ஒரு கதம்ப மாலை.

எஸ்தர் இடுப்பில் கைவைத்து நின்றாள். "இன்னா மேடம், எந்தச் சாமிய உள்ள வெச்சிக்கினு கீறீங்க?"

"சும்மா இரு எஸ்தர். உன் சுவரத்தான் காப்பாத்திக்கினு இருக்கேன்."

காற்றடித்தது, மணி அடித்தது. பால் வாங்கப் போன அம்மா ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அவருக்குப் பின்னால் ஒருவர். "இன்னா விசேசம்மா?" "தெரிலபா, திரை போட்டுகீறாங்க." கொஞ்ச நேரத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று வரிசையே நின்றுவிட்டது. யாரோ கற்பூரத்தோடு வந்துவிட்டார்கள். "ஐயோ, உள்ள சாமி இல்லீங்க, போங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். "ஓரமா நில்லும்மா, மறைக்குது" என்றார் ஒரு பெரியவர்.

குழுவின் கார்கள் வந்தன. தலைவி நரைத்த தலையும் நிமிர்ந்த முதுகுமாக இறங்கினார். கூட்டத்தைப் பார்த்ததும், உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராகச் செருப்பைக் கழற்றினார்கள். தலைவி என்னிடம் குனிந்து ரகசியமாகக் கேட்டார், "எப்பம்மா திரை எடுப்பீங்க?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயில் சனி உட்கார்ந்திருந்தது.

"இன்னும் அலங்காரம் முடியல மேடம்."

சரி என்று தலையாட்டிவிட்டு அவரும் கைகூப்பி நின்றார்.  அத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த எனக்கே பக்தி வந்துவிட்டது.

அப்போதுதான் பூபாலன் வந்தார். கூட்டம், மாலை, கற்பூரம், சட்டமன்ற உறுப்பினர்கள். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. "என் பேருக்காடா இவ்ளோ கூட்டம்!" என்றபடி, நான் பாய்ந்து தடுப்பதற்குள் கயிற்றைப் பிடித்து இழுத்துவிட்டார்.

மணி கணகணவென்று அடித்தது. கைகள் தலைக்குமேல் உயர்ந்தன. ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. அப்புறம்தான் படித்தார்கள்.

"யாரு பூபாலன்?" என்றார் தலைவி.

"நான்தாங்க" என்றார் பூபாலன், கும்பிட்ட கையை இறக்காமல்.

தலைவியின் பார்வை என் பக்கம் திரும்பியது. எனக்கு அழுகை பீறிட்டது. விடுமுறையில் எழுத்து வந்தது, அம்மாவின் புடவை, பூஜை மணி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "என் வேலை போனாலும் போகட்டும் மேடம். எஸ்தரோட சுவர மட்டும் விட்டுடுங்க."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். தாமல் ஏரியில் தொடங்கி, சுவரை ஒட்டி மெதுவாக நடந்தார். தறிக்காரர் முன்னால் நின்றார். நாற்று நடுகிறவர்களிடம் நின்றார். மூன்று ஆறும் கலக்கிற இடத்தில் வெகுநேரம் நின்றார். கூட்டமும் அவர் பின்னாலேயே சத்தமில்லாமல் நகர்ந்தது. எப்போதும் வாயாடும் எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். 

"இத வரைஞ்சது நீயாம்மா?" என்று தலைவி கேட்டார். எஸ்தரால் தலையைத்தான் ஆட்ட முடிந்தது.

"கலைப்பணி இதுதான். அந்த எழுத்து இதுல சேராது. தனியா பிரிச்சு எழுதுங்க" என்றார் அதிகாரிகளிடம். "எழுத்த அவரே அவர் செலவுல பேத்து எடுக்கட்டும். இந்தச் சுவர்ல ஒரு பொட்டு வெள்ளை விழக் கூடாது." பிறகு என்னைப் பார்த்தார். "திரை போட்டதுக்கு உனக்கு மெமோ வரும். வாங்கிக்கோ." கும்பிடத் தோன்றிய முகம் அது. நான் கும்பிட்டேன்.

மெமோ வந்தது. வேலையும் தப்பித்தது. எழுத்துப் பெயர்ந்த கூடத்துக்கு இன்றுவரை பெயர் இல்லை. மன்றத்தில் ஆளுக்கொரு பெயர் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டிலோ, நான் எங்கே கிளம்பத் தாமதமானாலும் அப்பா வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி, "இன்னும் அலங்காரம் முடியல மேடம்!" என்பார்.

என் கல்யாணம் அந்தக் கூடத்தில்தான் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம். முகூர்த்தம் வரை மணமக்களுக்கு நடுவே திரை பிடிப்பது அவர்கள் வழக்கம். திரையை விலக்கலாமா என்று புரோகிதர் கேட்டதும், என் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் அந்த வாக்கியத்தைக் கத்தினார்கள். கூடம் அதிர்ந்தது. எஸ்தர் எழுந்து நின்று, "அவசரப்படாதீங்க மேடம்! அந்தாண்ட யார் பேரு இருக்குதுன்னு பாத்துக்குங்க!" என்றாள்.

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது.

"பூபாலன் இல்லீங்க!"

முன்வரிசையில் பூபாலன், கையில் அட்சதையோடு, எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.