முறுக்கு டப்பாவில் ஒரு கணினி

சனிக்கிழமையை மீட்டே தீருவது என்று ஒரு நாள் காலை பல் துலக்கும்போது முடிவெடுத்தேன். பெரிய முடிவுகளை நான் குளியலறையில்தான் எடுப்பது வழக்கம். இந்த வீட்டில் என் அதிகாரம் செல்லுபடியாகும் இடம் அது ஒன்றுதான். அதுவும் யாரும் கதவைத் தட்டாத வரைக்கும்.

என் பெயர் ஹேமநாதன். ஜோகூர் மாநிலத்துப் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் மெஷின்களைப் பழுதுபார்ப்பவன். திங்கள் முதல் வெள்ளி வரை மெஷின்களோடு மல்லுக்கட்டு. ஞாயிறு கோயில், மார்க்கெட், துணி துவைப்பது. மிச்சம் இருந்தது சனி. அதை என் மச்சான் மதிவாணன் விழுங்கிவிட்டார்.

மச்சான் என் மனைவி வாசுகியின் அண்ணன். செடெனாக்கில் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை, வீடும் அங்கேதான். தங்கமான மனிதர். குடி கிடையாது, சிகரெட் கிடையாது. கரோக்கே மட்டும் உண்டு.

பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து சனிதோறும் ஒரு மணி நேரம் காரோட்டிப் போவோம். சாப்பாடு பிரமாதமாக இருக்கும். கை கழுவித் திரும்பினால் அவர் கையில் மைக் இருக்கும். இரண்டு மணிக்கு ஆரம்பித்து ஆறு மணிவரை பாடுவார். எக்கோவை அவ்வளவு கூட்டி வைத்திருப்பார். அடுத்த பாட்டின் பாதி வரைக்கும் முந்தைய பாட்டு அந்த வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் கரோக்கே மெஷின் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடும். ஒரு தடவை பாட்டுக்கு நடுவில் இருமினார். தொண்ணூற்றிரண்டு கொடுத்தது.

"எப்படி மாப்பிள்ளை?" என்பார். நான் கைதட்டுவேன். அந்த மெஷினை வாங்கியதிலிருந்து, மூன்று வருடமாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

போகாமல் இருக்க வழியே இல்லை. "அண்ணன்தாங்க என்னைப் படிக்க வெச்சாரு. வாரத்துல ஒரு நாளு நம்ம வீட்டுலேருந்து ஆளு போகலன்னா மனசு உடைஞ்சிருவாரு," என்பாள் வாசுகி. ஒரு முறை காய்ச்சல் என்றேன். "அங்க வந்து படுங்க" என்றாள். படுத்தேன். கட்டில் பக்கத்தில் ஸ்பீக்கர் இருந்தது. இன்னொரு முறை ஓவர்டைம் என்றேன். என் சூப்பர்வைசரின் மனைவிக்கு ஒரு வாட்ஸ்அப் போனது. அத்தோடு ஓவர்டைம் ரத்தானது.

ஆகவே குளியலறையில் நன்றாக யோசித்தேன். எங்கள் வீட்டில் ஒரே ஒரு சொல்லுக்குத்தான் மறுபேச்சு கிடையாது. அது 'படிப்பு'. எங்கள் மகள் லோஷினிக்குப் பத்து வயது. அவள் "படிக்கணும்மா" என்றால் சாம்பார்கூட கொதிக்காமல் காத்திருக்கும்.

அன்றைக்கே ஆரம்பித்தேன்.

"வாசு, வசதியில்லாத பிள்ளைங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் செய்யப் போறேன்."

"கடையிலதான் விக்குதே."

"அது ரெண்டாயிரம் வெள்ளி. நான் செய்யறது முந்நூறுகூட ஆகாது."

"கரண்டு பில்லு?"

"சாமி மேடையில சின்ன பல்பு எரியுதே, அந்த அளவுதான் குடிக்கும். பவர் பேங்க்லயே ஓடும் லா."

"அப்ப வீட்டுலதான் வெச்சு ஓட்டணும்னு இல்ல?"

"செம்பனைக் காட்டுக்கு நடுவுல வெச்சாலும் ஓடும்."

"ரொம்ப கனமோ?"

"ஒத்தக் கையில தூக்கிட்டுப் போலாம்."

"பிள்ளைங்களுக்குப் புரியுமா?"

"சின்னப் பிள்ளைகூட தட்டிவிட்டா எரியும்."

"ஒண்ணுதான் செய்ய முடியுமா?"

"மொத ஒண்ணுதான் கஷ்டம். அப்புறம் வடை சுடற மாதிரி சுட்டுக்கிட்டே போலாம்."

"எப்ப செய்வீங்க?"

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். "சனிக்கிழமைதான். வேற நாளு எனக்கு எங்க இருக்கு?"

வாசுகி வெங்காயம் உரித்துக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தாள். "படிப்பு விஷயம். செய்ங்க. நானும் பிள்ளையும் போயிட்டு வர்றோம்."

அவ்வளவுதான். பதினோரு வருடத் தாம்பத்தியத்தில் என் பேச்சு இத்தனை சீக்கிரம் எடுபட்டதே இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்குப் பசிதான் வந்தது.

சாமான்களை வாங்கினேன். சீட்டுக்கட்டுச் சீட்டு அளவில் ஒரு போர்டு. அதற்குள்தான் மொத்த மூளையும். ஏழு அங்குலத்தில் ஒரு சின்னத் திரை. பழைய சாமான் கடையில் ஒரு கீபோர்டு. மெமரி கார்டில், பிள்ளைகள் படம் வரைய, கணக்குப் போட, சின்னச் சின்ன புரோகிராம் எழுத, இலவசமாகக் கிடைக்கும் பாடங்கள். பெட்டிக்கு என்ன செய்வது என்று தேடினேன். தீபாவளிக்கு முறுக்கு போட்டு வைத்த சிவப்பு மூடி டப்பா கிடைத்தது. ஓட்டை போட்டு போர்டை உள்ளே பொருத்தினேன். சூடானால் லேசாக முறுக்கு வாசம் வந்தது. அதைத் தவிர ஒரு குறையும் இல்லை.

வேலை வியாழக்கிழமையே முடிந்துவிட்டது. தட்டினேன். எரிந்தது. உடனே அணைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தேன். கணினி முடிந்தது என்றால் சனிக்கிழமை கரோக்கே. எனவே ஒரு ஒயரைக் கழற்றி விட்டேன்.

அந்தச் சனிக்கிழமைகளை என்னால் மறக்க முடியாது. காலை ஒன்பதுக்கு அவர்கள் காரில் ஏறுவார்கள். ஒன்பதரைக்கு நான் கடையில் சுடச்சுட ரோட்டி சானாய், பருப்புக் குழம்போடு. பத்துக்கு ஏர்கோன் குளிர். அப்புறம் தூக்கம், நாலு மணிவரை. எழுந்து மேசையில் ஒயர்களைக் கலைத்துப் போட்டு, சும்மா கொஞ்சம் ஈயத்தை உருக்கி வைப்பேன். அந்த வாசம் வீடு முழுக்க நிற்க வேண்டும். அதுதான் உழைப்பின் வாசம்.

"ஆச்சாங்க?" என்பாள் வாசுகி வந்ததும்.

"வோல்ட்டேஜ் சரியில்ல."

அடுத்த வாரம், "மெமரி கார்டு மக்கர் பண்ணுது." அதற்கடுத்த வாரம், "எங்கியோ ஒரு ரெசிஸ்டர் போச்சு."

"பாவம், கண்ணெல்லாம் வீங்கிப்போச்சு உங்களுக்கு," என்று சொல்லி மைலோ கலக்கிக் கொடுத்தாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மைலோவைக் குடித்தேன்.

நாலாவது சனிக்கிழமை போன் அடித்து எழுப்பியது. வீடியோ கால். எடுக்கும்போதே மேசையைப் பார்த்தேன். முறுக்கு டப்பாவைக் காணோம். அலமாக், திருடன் என்று நினைத்தபடி போனைப் பார்த்தால், டப்பா போனுக்குள் இருந்தது.

மச்சான் வீட்டு முன்வாசல். பிளாஸ்டிக் மேசை. மேசையில் என் கணினி, பக்கத்தில் பவர் பேங்க், சுற்றி எட்டு ஒன்பது பிள்ளைகள். இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினாள். அவள் பெயர் திரை முழுக்கக் கலர் கலராக வந்தது. அவள் நம்பாமல் பெயரைத் தொட்டுப் பார்த்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் மாட்டிக்கொண்டேன் என்பதே ஒரு நிமிடம் மறந்துவிட்டது.

வாசுகியின் முகம் வந்தது.

"எப்படி எரிஞ்சது?" என்றேன்.

"ஒரு ஒயரு கழண்டிருந்துச்சு. லோஷினி சொருகினா. சின்னப் பிள்ளைகூட செய்யலாம்னு நீங்கதான சொன்னீங்க."

"நான் இங்க உக்காந்து அந்த ஒயரத்தான் தேடிக்கிட்டிருந்தேன்."

"கன்னத்துல தலையணைத் தடம் இருக்குங்க. தொடைச்சிக்கங்க."

துடைத்தேன். "உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டாவது வாரமே."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"பேனர் அடிக்க ரெண்டு வாரம் ஆகும்னாங்க."

போன் மச்சான் கைக்குப் போனது. அவர் போனை மேலே திருப்பினார். முன்வாசல் கூரையில் பத்தடி பேனர். அதில் நான். எங்கள் கல்யாணப் படத்தில் வாசுகியை வெட்டிவிட்டு என்னை மட்டும் எடுத்திருந்தார்கள். கழுத்தில் மாலை அப்படியே இருந்தது. போகிற வருகிறவர்கள் என்றைக்குக் கருமாதி என்று விசாரித்திருப்பார்கள். கீழே பெரிய எழுத்தில்: 'ஹேமநாதன் இலவசக் கணினி வகுப்பு. ஒவ்வொரு சனிக்கிழமையும். காலை 9 முதல் மதியம் 1 வரை. தொடர்ந்து மதிய உணவும் இன்னிசையும்.'

"மாப்பிள்ளை, அடுத்த வாரம் இருபது பிள்ளைங்க வருது. இன்னும் அஞ்சு டப்பா செஞ்சிருங்க. வடை சுடற மாதிரின்னு தங்கச்சி சொல்லுச்சு."

பேனரில் முகம் வந்த பிறகு பின்வாங்கிய ஆளை நான் ஜோகூரில் இன்னும் பார்த்ததில்லை. அந்த வாரம் முழுக்க வேலை முடிந்து வந்து டப்பாவுக்கு ஓட்டை போட்டேன். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து சிவப்பு மூடி டப்பாக்களை வாசுகி வாங்கிக் கொடுத்தாள். ஐந்தும் எரிந்தன. ஒயர் எதுவும் கழன்றிருக்கிறதா என்று அவளே ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு ஆறு டப்பாக்களையும் காரில் ஏற்றினேன். இஞ்சினை ஓடவிட்டு ஹார்ன் அடித்தேன். வாசுகி நைட்டியோடு கொட்டாவி விட்டபடி வாசலுக்கு வந்தாள்.

"இன்னும் கிளம்பலையா நீ?"

"நான் எதுக்குங்க? நம்ம வீட்டுலேருந்து ஒரு ஆளு போனா அண்ணனுக்குப் போதும்."

"அவர் பாடுவாரே. நீ கேக்க வேணாமா?"

"பொறந்ததுலேருந்து கேக்குறேன். இதுலேருந்து தப்பிக்க நானும் மூணு வருஷமா ஒரு வழி தேடிக்கிட்டுத்தான் இருந்தேன். நல்லவேளை, நீங்களா கம்ப்யூட்டர் செஞ்சீங்க."

கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே ஏர்கோன் ஓடத் தொடங்கியது.

நான் பாடுபட்டு மீட்ட சனிக்கிழமையில் வாசுகி போய்ப் படுத்துக்கொண்டாள்.